சும்மா நிற்கத் தெரியாத வண்டி

ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது.
பண்டாரவளையிலிருந்து ஏற்றம் முழுக்க
மூன்றாம் கியரில் முனகாமல் வரும்.
அப்புத்தளை ரயில் கேட்டில்
கட்டையைப் போட்டால் போதும்,
சும்மா நிற்க வேண்டிய இடத்தில்
இருமும், குலுங்கும்,
கறுப்பாய் ஓர் ஏப்பம் விட்டு
அணைந்துவிடும்.

பின்னால் பதுளை பஸ் ஹோர்ன் அடிக்கும்.
பனி வரும். பனிக்குள்ளிருந்து
லீக்ஸ் ஏற்றிய லொறி வரும்.
தபால் கந்தோர் சேலையோடு இறங்கி
பொனட்டைத் தூக்குவேன்,
ஏதோ தெரிந்தவள் மாதிரி.

மொறிஸ் மைனர், ஐம்பத்தொன்பது.
தம்பி புவி டோஹாவில்
கொங்கிறீட் ஊற்றிய காசு.
அவன் இன்னும் அதில் ஏறியதில்லை.
புத்தகத்தில் அவன் பெயர்,
நகக்கண்ணில் கரி எனக்கு.

இரவானால் போனில் அவன் குரல்:
"கொயிலை மாத்திப் பாரு."
மாத்தினேன்.
"பிளக்கைக் கழட்டிப் பாரு."
நாலும் அடுப்புக்கரி.
"கண்டென்சர்?"
அதுவும்.
"அப்ப பெட்டரிதான்."
பெட்டரிக்குப் போனது சீட்டுக்காசு என்று
அவனிடம் சொல்லவில்லை.
புதுப் பெட்டரியும் மூன்றாம் வாரம் படுத்தது.

கொழும்புக் காற்றுக்குப் பூட்டிய கார்புரேட்டர்
இந்த உயரத்தில் மூச்சுத் திணறுகிறது என்று
நானே ஒரு காரணம் பிடித்து
அடியில் உள்ள நட்டைத் திருகினேன்,
ஒரு பட்டை, இன்னும் அரைப் பட்டை.
ஒரு நாள் நின்றது.
மறுநாள் பழைய குணம்.

வயரிங் பாஸ் நிஸ்தார் வந்து
சுவிட்சுகளை ஒவ்வொன்றாய்த் தட்டினார்.
லைட் மஞ்சளாய்ச் சுருங்கியது.
சிக்னல் கை பாதி எழுந்து
சந்தேகம் கேட்கிற பிள்ளை மாதிரி
அப்படியே நின்றது.
"கரண்ட் வருத்தம் வேற,
நின்னு போற வருத்தம் வேற" என்றார்.
பில்லும் இரண்டு.

ஞாயிறு, விடிய ஐந்தரை.
கண்ணாடியில் பனி வழிகிறது.
ஒரு கையில் சோக்கை இழுத்துப் பிடித்து
மறு கையால் ஸ்டார்ட்டரை இழுத்தேன்.
நெஞ்சில் சளி கட்டினவன் எழும்புவதுபோல்
ஒரு சுற்று,
அரைச் சுற்று,
சோக் குமிழ் என் விரலைச் சுட்டது.

கையை உதறி வாயில் வைத்துக்கொண்டு
அப்படியே இருந்தேன்.
எஞ்சின் இன்னும் எழும்பவில்லை.
கல்லும் குளிர்ந்து கிடக்கிற நேரம்.
இந்தச் சூடு எங்கிருந்து?

உரச்சாக்கை விரித்து அடியில் படுத்தேன்.
கியர் பெட்டியிலிருந்து சட்டத்துக்குப் போகிற
எர்த் பட்டி,
எவனோ மேலே பெயின்ட் அடித்து மறைத்தது,
அறுந்து தொங்கியது.

போன கரண்ட் வீடு திரும்ப வேண்டும்.
பாதை இல்லாவிட்டால்
கிடைத்த கம்பியில் வரும்.
ஸ்டார்ட்டரின் முழுப் பாரமும்
இத்தனை நாள்
சோக்கின் அந்த ஒற்றைக் கம்பியில்.
உறைக்குள்ளே வெந்து ஒட்டிக்கொண்டு
தள்ளினாலும் முழுக்கத் திரும்பாமல்,
எப்போதும் கொஞ்சம் இழுபட்டே இருந்திருக்கிறது.
பெற்றோல் மிஞ்சியதும் அதனால்தான்.
கறுப்பு ஏப்பமும் அதனால்தான்.
இரண்டு வருத்தமும் ஒன்று, நிஸ்தார் பாஸ்.

வெல்டிங் கடையில் ஒரு முழம் தடித்த கேபிள்,
இரண்டு போல்ட்,
பெயின்டைச் சுரண்ட உப்புத்தாள்,
புதுச் சோக் கம்பி ஒன்று.
சீட்டுக்காசில் பத்தில் ஒரு பங்கு வராது.

இரவு புவிக்குச் சொன்னேன்.
மெல்லிசாய் ஒரு கம்பி, வீட்டுப் பாரம் முழுக்க என்று
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு
பட்டி அறுந்த கதையை மட்டும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
அங்கே யாரோ தட்டுக் கழுவுகிற ஓசை.
பிறகு கேட்டான்:
"கை ரொம்பச் சுட்டுச்சா?"

திங்கட்கிழமை. ரயில் கேட்.
கட்டை இறங்கியது.
நான் இறங்கவில்லை.
கால் எதையும் மிதிக்கவில்லை.
பால் பொங்குமுன் பாத்திரம் பேசுமே,
அந்த மெல்லிய சத்தத்தில்
வண்டி சும்மா நின்றது.

பெட்டிகள் ஒவ்வொன்றாய்ப் போயின.
கட்டை எழும்பியதும் தெரியாமல்
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
பதுளை பஸ் ஹோர்ன் அடித்தது.